எடைக்கு வரும் மாயாவி: சேலத்தில் பழைய காமிக்ஸ் தேடப் புறப்படுகிறவர்களுக்கு

போன கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து வந்த அக்கா மகன், பையை வைத்த கையோடு கேட்டான்: "மாமா, சேலத்துல காமிக்ஸ் ஷாப் எங்க இருக்கு?" கண்ணாடி அலமாரி, சுவர் முழுக்கப் போஸ்டர், கதவைத் திறந்தால் குளுகுளு காற்று என்று ஏதோ படத்தில் பார்த்த கடையை மனதில் வைத்திருந்தான். அப்படி ஒரு கடையை எதிர்பார்த்து ஐந்து ரோட்டுக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்தால் கால்வலிதான் மிச்சம். நம் ஊரில் காமிக்ஸ் ஒளிந்து கிடக்கும். பழைய புத்தகக் கடையில் பத்தாம் வகுப்பு கைடுகளுக்கு அடியில் இருக்கும், பழைய பேப்பர் கடையில் தராசுக்குப் பக்கத்தில் இருக்கும், யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் அண்டாவுக்குள் இருக்கும். அதைக் கிளறி எடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அவனை இரண்டு வாரம் கூடவே அழைத்துக்கொண்டு சுற்றினேன். அப்போது சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் தேடுவதைத் தேடாதீர்கள். பேர் போன இதழ்களின் விலை இப்போது கடைக்காரருக்கே தெரியும். அவரிடமும் செல்போன் இருக்கிறது. மலிவாகக் கிடைப்பது விநோதமானது, உதிரியானது, அடுத்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒதுக்கியது. அதில்தான் நமக்கு வேட்டை.

யார் எந்த மாயாவி

கடைக்குப் போகும் முன் கொஞ்சம் வம்சாவளி தெரிந்திருக்க வேண்டும். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியது. முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவி. அதே குடும்பத்திலிருந்து 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஜூலையில் தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸைக் கொண்டுவந்தது. ராணி மாதம் இருமுறை என்ற கணக்கில் 2005 வரை ஓடி 500 இதழ்களை எட்டியது. அதனால் பேப்பர் கடையில் தமிழ் காமிக்ஸ் ஒன்று கையில் தட்டுப்பட்டால் அது ராணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு, புதியவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம். முத்துவில் மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவி. 1962-ல் வேலியண்ட் என்ற இங்கிலாந்து வார இதழில் பிறந்தவர். கை போய், அந்த இடத்தில் இரும்புக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரியும், ஆள் மறைந்துவிடுவார். ராணியில் மாயாவி என்றால் வேறு ஆள். லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய, காட்டுக்குள் மண்டையோட்டுக் குகையில் வாழும் முகமூடி வீரர் ஃபேண்டம். அதே ஃபேண்டம் முத்துவில் வந்தபோது வேதாளன். ஆகவே கடைக்காரர் "மாயாவி புக்கு நாலு வந்துருக்குது தம்பி" என்று போன் செய்தால், "எந்த மாயாவிங்கண்ணா, கையா முகமூடியா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

இதே குழப்பம்தான் உங்களுக்கு லாபமும். லயனில் வந்த ஸ்பைடர் அமெரிக்கச் சிலந்தி மனிதன் இல்லை. கூர்க்காதும் கறுப்பு உடையுமாக, குற்றவாளியாகத் தொடங்கிப் பிறகு நல்லவனாக மாறிய இங்கிலாந்துக் காமிக்ஸ் நாயகன். சிலந்தி மனிதனைத் தேடி வருகிற பிள்ளைகள் இதைப் பார்த்து "இது டூப்பு" என்று வைத்துவிட்டுப் போவார்கள். அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இதைத் தெரிந்துவைத்திருப்பவன் கையில் அந்த இதழ் பத்து ரூபாய்க்கு வரும். எனக்கு வந்திருக்கிறது.

இந்திரஜால் காமிக்ஸ் 1964 முதல் 1990 வரை டைம்ஸ் ஆஃப் இந்தியா வெளியிட்டது, தமிழிலும் வந்தது. ஃபேண்டமின் நாடான பெங்காலா அதில் டெங்காலி ஆகியிருக்கும். மூலப்பெயர் வங்காளத்தை நினைவூட்டியதுதான் காரணம். ராணியில் வந்த ஜேம்ஸ் பாண்ட் கதைகளிலும் இப்படி ஒரு வேடிக்கை: அரைகுறை உடையில் வரும் வெள்ளைக்காரப் பெண்களுக்கு நம் ஊர் ஓவியர் கூடுதலாகத் துணி வரைந்து போர்த்தியிருப்பார். இந்த மாதிரி தையல் போட்ட பக்கங்களுக்காகவே நான் இரட்டைப் பிரதி வாங்கியதுண்டு.

பூந்தளிர், அம்புலிமாமா, ரத்னபாலா, கோகுலம் ஆகியவற்றைக் காமிக்ஸ் என்று யாரும் தனியாகக் கட்டி வைப்பதில்லை. அதனால் விலையும் ஏறுவதில்லை. ஆனால் பூந்தளிரைப் பிரித்தால் வாலை நீட்டிச் சாகசம் செய்யும் கபீஷ் குரங்கு படக்கதையாகவே உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் வாண்டுமாமா என்று பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

எந்தக் கிழமை, எந்த நேரம்

பழைய புத்தகக் கடைக்கு எந்த நாளும் போகலாம், ஜூன் மாதம் தவிர. பள்ளி திறக்கும் நேரத்தில் கடைக்காரருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்காது. பாடநூல் கேட்டு நிற்கும் பெற்றோருக்கு நடுவில் நீங்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டைப் பிரித்தால் திட்டுதான் கிடைக்கும்.

பேப்பர் கடைக்குத்தான் நேரம் பார்க்க வேண்டும். அங்கே நடப்பது இதுதான்: காலையில் மூன்று சக்கர வண்டிக்காரர்கள் தெருத்தெருவாகப் போய் எடுத்துவருவதைச் சாயங்காலம் கடையில் கொட்டுவார்கள். அதை நியூஸ் பேப்பர், நோட்டு, புக்கு, அட்டைப்பெட்டி என்று பிரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கிலோ விலை வேறு. குடோன் நிறைந்ததும் லோடு ஏறிவிடும். லோடு ஏறியபின் இரும்புக்கை மாயாவியும் எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டும் ஒன்றுதான், இரண்டும் கூழ். ஆகையால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "காமிக்ஸ் இருக்கா?" இல்லை. "லோடு என்னைக்கு ஏறுதுங்க?" அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அங்கே இருங்கள். செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை என்று பழைய குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளிலிருந்து ஆரம்பியுங்கள். பல தலைமுறையாக ஒரே வீட்டில் இருப்பவர்களின் பரணில்தான் 70-களின் பேப்பர் தங்கியிருக்கும். புது அடுக்குமாடியில் கிடைப்பது ஆன்லைன் கடைகளின் அட்டைப்பெட்டி.

வருஷத்தில் இரண்டு அறுவடை. முழுப்பரீட்சை முடிந்த ஏப்ரல் கடைசி ஒன்று. பொங்கலுக்கு முந்தைய பத்து நாள் இன்னொன்று. போகிக்கு எரிக்கிறவர்களைவிட, வெள்ளையடிக்க வீட்டை ஒழித்து எடைக்குப் போடுகிறவர்களே இப்போது அதிகம். அந்தப் பத்து நாளும் எனக்கு வேறு வேலை ஓடாது.

கையில் என்ன வேண்டும்

துணிப்பை, சின்ன டார்ச், மூக்கை மறைக்க ஒரு துண்டு, பத்தும் இருபதுமாகச் சில்லறை நோட்டு. உங்களிடம் உள்ள இதழ்களின் பட்டியல் ஒரு சிறு நோட்டில் இருக்கட்டும். போனில் வைத்தால் கடைக்கு நடுவில் போனைப் பார்ப்பீர்கள், அதைக் கடைக்காரர் பார்ப்பார், இணையத்தில் விலை தேடுகிறீர்கள் என்று நினைப்பார். பத்து ரூபாய் உடனே ஐம்பதாகிவிடும்.

தட்டுவடை செட் சாப்பிடுவதாக இருந்தால் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக் கட்டிய பிறகு சாப்பிடுங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட் துருவலும் சட்னியும் நிற்கிற நிலை உங்களுக்குத் தெரியும். 1986-ம் வருஷத்து அட்டை ஒன்றில் என் கட்டைவிரல் ரேகை சிவப்பாக இன்னும் இருக்கிறது.

கட்டைப் பிரித்ததும்

அட்டையைப் பார்த்து மயங்காதீர்கள். ஒருமுறை ஒரு கடையில் பதினோரு இதழை அட்டையை மட்டும் பார்த்து மொத்தமாக வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் நான்கில் அட்டை ஒன்று, உள்ளே கதை வேறு. கிழிந்த அட்டைகளையும் அட்டை போன உள்ளுடல்களையும் யாரோ பொறுமையாகப் பின் அடித்து ஜோடி சேர்த்திருக்கிறார்கள். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "பாத்துதானுங்களே வாங்குனீங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அதன் பிறகு என் வழக்கம் இது. அட்டையில் உள்ள கதைத் தலைப்பு முதல் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து நடுப்பக்கத்தைத் திறந்து பின்னைப் பார்ப்பேன். பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருந்தால் நடுத்தாள் முதலில் கழன்றுபோகும். பின் அடித்த புத்தகத்தில் ஒரு தாள் போனால் நான்கு பக்கம் போகும், அதுவும் இரண்டு இடத்தில். 32 பக்க இதழில் 3, 4-ம் பக்கம் இல்லையென்றால் 29, 30-ம் பக்கமும் இருக்காது. எண்கள் எப்போதும் கூட்டினால் 33 வரும்படி ஜோடியாகப் போகும். இந்தக் கணக்கு தெரிந்தால் பக்கம் பக்கமாக எண்ண வேண்டாம், முன்பாதியைப் புரட்டினால் போதும். நடுத்தாள் மட்டும் விதிவிலக்கு. அது போனால் 15 முதல் 18 வரை ஒரே இடத்தில் ஓட்டை. கடைசியாக, பரிசுப்போட்டிக் கூப்பன் வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கூப்பனுக்குப் பின்பக்கத்தில் கதையின் முக்கியமான கட்டம் இருப்பது பழைய பத்திரிகைகளின் விதி.

பைண்ட் செய்த தொகுப்பு கிடைத்தால் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஓரத்தை வெட்டியிருப்பார்கள், அட்டையைக் கழற்றியிருப்பார்கள் என்பது அவர்கள் குறை. நான் ஓடிப்போய் வாங்குவேன். தெருவுக்குத் தெரு வாடகை நூலகம் இருந்த காலத்தில் எட்டு, பத்து இதழைச் சேர்த்துக் காலிகோ போட்டுத் தைத்தவை இவை. தனித்தனியாகக் கிடைத்தால் பத்து இடத்தில் அலைய வேண்டியது ஒரே அட்டைக்குள் வரிசையாக இருக்கும், விலையும் ஒரு புத்தக விலைதான். தையல் பக்கம் எழுத்தை விழுங்கியிருக்கிறதா என்று மட்டும் விரித்துப் பாருங்கள். நூலக முத்திரை, உறுப்பினர் எண், "இந்தக் கதையில் கடைசியில் டாக்டர்தான் கொலையாளி" என்று பென்சிலில் எழுதிவைத்த மகானுபாவர் எல்லாம் இலவசம்.

வருஷம் போடாத இதழின் வயது

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. முன்னும் பின்னும் கிழிந்து, தேதி இல்லாமல் ஒரு இதழ் கையில் வரும். அதன் காலத்தை நாமே கண்டுபிடிக்கலாம்.

எழுத்தைப் பாருங்கள். லை, னை, ணை ஆகியவற்றுக்கு முன்னால் யானைத் துதிக்கை போலச் சுழி இருக்கிறதா? றா, னா, ணா ஆகியவை கால் இல்லாமல் கீழே சுழித்து ஒட்டியிருக்கின்றனவா? தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது 1978-ல். அச்சகங்கள் உடனே மாறிவிடவில்லை என்றாலும், பழைய எழுத்து முழுக்க முழுக்க இருந்தால் 70-களின் இதழ் என்று நம்பி வாங்கலாம். அடுத்தது விலாசம். ஆறு இலக்கப் பின்கோடு நாட்டுக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். பின்கோடு அச்சாகியிருந்தால் இதழ் அதற்குப் பிந்தையது.

பழசு என்று சொல்லி மறுபதிப்பை விற்பதைப் பிடிக்கவும் இதே வழிதான். ரூபாய்க்கு இப்போது போடும் ₹ குறி 2010 ஜூலையில்தான் அங்கீகரிக்கப்பட்டது. அட்டையில் அந்தக் குறி இருந்தால் "எங்க தாத்தா காலத்து புக்குங்க" என்ற பேச்சுக்குத் தலையாட்டிவிட்டு நகருங்கள். காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்று மேலே போட்டிருந்தால் அது முத்து, லயன் கதைகளின் மறுபதிப்பு வரிசை. வாசிக்க மட்டும் போதும் என்றால் தாராளமாக வாங்குங்கள், அசல் பதிப்பின் விலை மட்டும் கொடுக்காதீர்கள். பளபளக்கும் வழுவழுத் தாளில் முழு வண்ணம் என்றால், பெரும்பாலும் 2012-க்குப் பிறகு சிவகாசிக்காரர்கள் புதுத்தெம்போடு கொண்டுவந்த பதிப்புகளாக இருக்கும். அவற்றைப் பழைய கடையில் தேடுவதைவிட, புதிய பஸ் ஸ்டாண்டு அருகே நடக்கும் சேலம் புத்தகத் திருவிழாவில் ஸ்டால் இருக்கிறதா என்று பார்ப்பது மேல். விற்காமல் நின்ற பழைய இதழ்கள் அச்சிட்ட விலைக்கே கிடைக்கும்.

பேரம்

எடைக் கடையில் பேரம் கிடையாது. அவர் கிலோவுக்கு வாங்கியதை உங்களுக்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்குக்குத் தருவார், வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். தேடிக் கலைத்த கட்டைத் திரும்ப அடுக்கிக் கட்டிவைத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை உங்களுக்காகவே தனியாக எடுத்துவைப்பார். இதைவிடப் பெரிய உத்தி எதுவும் என்னிடம் இல்லை.

புத்தகக் கடையில் மட்டும் கொஞ்சம் நாடகம் வேண்டும். தேடிவந்தது கிடைத்த நொடியில் முகத்தில் ஒன்றும் காட்டாதீர்கள். அதை நடுவில் வைத்து மேலும் கீழும் வேறு ஏழெட்டுப் புத்தகம், ஒரு பழைய சமையல் குறிப்பு, ஒரு ராசிபலன் என்று அடுக்கி, "மொத்தமா என்னங்கண்ணா போடலாம்?" என்று கேளுங்கள். அக்கா மகன் இந்த இடத்தில்தான் கோட்டை விட்டான். ராணி இதழ் ஒன்றைப் பார்த்ததும், "மாமா! இது நூறு எண்ணுக்குள்ள இருக்கு!" என்று கத்தினான். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "குடு தம்பி, பாக்கலாம்." முடிந்தது கதை.

ஆனால் ஒரு வீட்டுக்காரரிடம் நேராக வாங்குவதென்றால் நாடகம் வேண்டாம். கணவர் சேர்த்துவைத்த பெட்டியை ஒரு வயதான அம்மா எடைக்குப் போடப் பார்க்கிறார் என்று வையுங்கள். அது என்ன, வெளியில் என்ன விலை போகும் என்று சொல்லிவிட்டே வாங்குங்கள். எப்படியும் அவர் பாதி விலைக்குத் தருவார், கூட ஒரு டம்ளர் காபியும் வரும்.

ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்கு

இருபது ஹேர்பின் வளைவு ஏறிப் போய்த் தமிழ் காமிக்ஸ் தேடாதீர்கள், கீழேயே அதிகம். மேலே தேட வேண்டியது ஆங்கிலம். வெள்ளைக்காரர் காலத்துக் காபி எஸ்டேட்டுகளும் விடுதிப் பள்ளிகளும் உள்ள மலை அது. மாண்ட்ஃபோர்ட் பள்ளி 1917-லிருந்து இருக்கிறது. பெட்டி படுக்கையோடு எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிற ஊரில் வாசிப்பும் எங்கெங்கிருந்தோதான் வரும். புத்தகக் கடை என்று தேடாமல், பழைய இரும்பு, பாட்டில், பேப்பர் வாங்குகிறவர்களை விசாரியுங்கள். எனக்கு அங்கே கிடைத்தவை பெரும்பாலும் கமாண்டோ போர்க்கதைகள். 1961-ல் இங்கிலாந்தில் தொடங்கிய சிறு புத்தகங்கள், சட்டைப்பைக்குள் நுழையும் அளவு, உள்ளே கறுப்பு வெள்ளை. அட்டையில் விலை பென்ஸ் என்ற இங்கிலாந்துக் காசுக் கணக்கில் இருக்கும். போர்க்கதை வேண்டாம் என்று நம் ஆட்கள் ஒதுக்குவதால் விலை ஏறவில்லை. வரைந்தவர்களின் கைத்திறனைப் பாருங்கள், அப்புறம் ஒதுக்க மனம் வராது.

மலையில் கிடைப்பதை முகர்ந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. மூடுபனி ஊர், தாள் ஈரம் குடித்திருக்கும். புளித்த வாடை வந்தால் பூஞ்சை. அது பக்கத்தில் வைக்கும் புத்தகத்துக்கும் தாவும். கோடை விழாக் கூட்டத்தில் மே மாதம் போக வேண்டாம். வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

வாங்கி வந்ததை நேராக அலமாரியில் வைத்துவிடாதீர்கள். ஒரு வாரம் தனியாக வையுங்கள். ராமபாணப் பூச்சி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். தூசியைக் காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள், ஈரத்துணி ஆகாது. ஈரம் இருந்தால் மின்விசிறிக் காற்றில் பிரித்து வையுங்கள். வெயிலில் காயப்போடக் கூடாது. மலிவான தாள் வெயில் பட்டால் அப்பள நிறத்துக்கு வந்து, அப்பளம் போலவே நொறுங்கும். துருப்பிடித்த பின்னை நடுப்பக்கத்திலிருந்து மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்தி மெல்ல உருவிவிட்டு, அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்துக் கட்டுங்கள். செலோடேப் மட்டும் எந்தக் கிழிசலுக்கும் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தோடு சேர்ந்து ஊறிவிடும். அலமாரி மூலையில் ஒரு துணி முடிச்சில் வசம்பு போதும். சுவடிக்கு நம் முன்னோர் பூசியதும் அதுதான்.

ஒவ்வொரு இதழுக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டில் வாங்கிய இடம், தேதி, கொடுத்த விலை, என்ன குறை என்று பென்சிலில் எழுதிவையுங்கள், புத்தகத்தின் மேல் எழுத வேண்டாம். அடுத்த முறை பேரத்துக்கு நிற்கும்போது அந்தச் சீட்டுகள்தான் உங்கள் விலைப்பட்டியல். குறையுள்ள இரண்டு பிரதிகளைச் சேர்த்து ஒரு முழுப் புத்தகம் ஆக்கவும் அவை உதவும். என்னிடம் ஒரு சீட்டில் இப்படி இருக்கிறது: "செவ்வாய்ப்பேட்டை, மழை, 8 ரூபாய், 15-18 இல்லை." உங்கள் கட்டில் அந்த நடுத்தாள் மட்டும் தனியாகக் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.